சென்சாரைக் கடைசியில் மாட்டுங்கள்

சாமான் அறையில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு. ஒரு நாளில் அது எரிவதையெல்லாம் கூட்டினால் 10 நிமிடம் தேறும். ஆண்டு முழுவதற்கும் அது இழுப்பது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அணைக்க மறந்துவிடுகிறோம் என்று அங்கே ஓர் அசைவு சென்சார் மாட்டினால், அது ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கே அரை வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். அரை வாட்தானே என்று தோன்றும். ஆனால் அது 24 மணி நேரமும், 365 நாளும் ஓடுகிறது. கணக்குப் போட்டால் 4.4 யூனிட், விளக்கு தின்பதைப் போல எட்டு மடங்கு. ஆண்டில் 40 இரவாவது அந்த விளக்கை விடிய விடிய எரியவிட்டால்தான் சென்சார் தன் சாப்பாட்டுக்கு ஈடுகட்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதே சென்சாரைப் பொது மாடிப்படியில் வையுங்கள். 18 வாட் டியூப் ஒன்று இரவு 12 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 79 யூனிட். ஆள் ஏறி இறங்கும்போது மட்டும், கூட்டிப் பார்த்தால் 2 மணி நேரம் எரிகிறது என்றால் விளக்குக்கு 13, சென்சாருக்கு 4.4, மொத்தம் 18-க்குள் முடிந்துவிடும். கருவி ஒன்றுதான், இடம்தான் வேறு. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த விளக்கு, எத்தனை மணி நேரம், அதில் ஆளில்லாமல் எவ்வளவு. அந்தத் தாளைப் பார்த்தால் சென்சார் தேவைப்படும் இடம் இரண்டோ மூன்றோதான் இருக்கும். மற்ற இடங்களில் மிச்சம் பிடிக்க வேண்டியது சுவரிலும், விளக்கின் இடத்திலும், வாட்டிலும்.

வெளிச்சம் எங்கே போகிறது

பல்பு பெட்டியில் வாட்டைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு லூமனை, அதாவது வெளிச்சத்தின் அளவைப் பாருங்கள். பழைய 60 வாட் இழை பல்பு கொடுத்தது 700, 800 லூமன். இன்று 9 வாட் எல்இடி அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ கொடுக்கும். ஒரே 9 வாட்டில் 720 லூமன் பல்பும் உண்டு, 950 லூமன் பல்பும் உண்டு. பின்னது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெளிச்சம், அதே மின்சாரத்தில்.

விளக்கிலிருந்து கிளம்புவது லூமன். மேசையிலோ தரையிலோ வந்து விழுவது லக்ஸ்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ். உட்கார்ந்து பேசும் அறைக்கு 150 லக்ஸ் போதும். நடை, படிக்கட்டுக்கு 100. காய் நறுக்கும் மேடைக்கு 300-லிருந்து 500. படிக்க, எழுத 500. அறை 3 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் 12 சதுர மீட்டர். 150 லக்ஸ் வேண்டுமானால் 1,800 லூமன் கீழே வந்து சேர வேண்டும். சுவரும் கூரையும் விளக்கு மூடியும் தூசியும் பாதியை விழுங்கிவிடும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. ஆக 3,600 லூமன். 900 லூமன் பல்பு நான்கு.

இந்தப் 'பாதி' எல்லா அறைக்கும் பாதி அல்ல. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 70, 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அடர் நிறச் சுவர் 10, 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். கூரைக்கு வெள்ளை அடித்தாலே ஒரு பல்பைக் கழற்றிவிடலாம் என்கிற நிலை வரும் அறைகள் நிறைய. பெயின்ட் வாளியை யாரும் மின்சாரச் சிக்கனக் கருவியாகப் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

அடுத்தது தூரம். விளக்குக்கும் மேசைக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். அந்த 12 சதுர மீட்டர் அறை முழுவதையும் படிக்கிற வெளிச்சத்துக்கு, அதாவது 500 லக்ஸுக்குக் கொண்டுவர 12,000 லூமன் வேண்டும். 120 வாட்டைத் தொடும். அதே மேசைமேல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் 500 லூமன் மேசை விளக்கு ஒன்றை வைத்தால் நேர் கீழே 600 லக்ஸ் விழும், 6 வாட்டில். பொது விளக்கைக் குறைத்து, வேலை நடக்கும் இடத்தில் தனி விளக்கு வைப்பதற்கு இணையான சிக்கனம் எந்தச் சென்சாரிலும் இல்லை. சமையல் மேடைக்கும் இதேதான்: கூரை விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் உங்கள் நிழலே கத்தியின் மேல் விழுகிறது. மேல் அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி ஒரு எல்இடி பட்டை ஒட்டினால் தீர்ந்தது.

அந்தப் பட்டையில் ஒரு கவனம். 12 வோல்ட் பட்டையில் மீட்டருக்கு 14.4 வாட் வகையை 5 மீட்டர் ஓட்டினால் 72 வாட், 6 ஆம்பியர். அவ்வளவு மின்னோட்டமும் தாள் போன்ற செப்புத் தகட்டின் வழியே போவதால் வால் பக்கம் வோல்டேஜ் இறங்கி மங்கும். 24 வோல்ட் பட்டை வாங்கினால் 3 ஆம்பியர்தான். இல்லையென்றால் இரண்டு முனையிலும் சப்ளை கொடுங்கள். சப்ளை யூனிட் 72 வாட்டுக்குச் சரியாக 72 வாங்காதீர்கள். 90 அல்லது 100. பட்டையை மரத்தில் நேராக ஒட்டாமல் அலுமினியச் சட்டத்தில் ஒட்டுங்கள். சூடு இறங்க வழியில்லாவிட்டால் பசை முதலில் விடும், பிறகு வெளிச்சம் குறையும்.

பழைய 36 வாட் டியூபை 18 வாட் எல்இடி டியூபாக மாற்றியதும் "அறை இருட்டாகிவிட்டது" என்ற புகார் வரும். பழைய டியூப் 3,000 லூமனுக்கு மேல் நாலா பக்கமும் வீசியது. புதியது 2,000 லூமன், பெரும்பாலும் கீழ்நோக்கி மட்டும். தரையில் அளந்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. கூரையும் சுவரின் மேல்பகுதியும் மட்டும் இருண்டிருக்கும். கண் அதைத்தான் இருட்டு என்கிறது. மாற்றும்போது ஸ்டார்ட்டரைக் கழற்றி, சோக்கைத் தாண்டி நேராக வயரிங் கொடுங்கள். இரும்புச் சோக் இருந்தபடியே இருந்தால் அது தனியாகச் சூடாகிக்கொண்டு மின்சாரம் தின்னும். எல்இடி டியூபில் இரண்டு வகை உண்டு: பேஸும் நியூட்ரலும் ஒரே முனையில் கொடுப்பது, ஒரு முனையில் பேஸ் மறு முனையில் நியூட்ரல் கொடுப்பது. டியூபின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் படிக்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றதை மாட்டினால் நேரடி ஷார்ட் ஆகலாம். டியூப் மாட்டும் பட்டியின் உள்ளே எந்த வகை வயரிங் என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

எல்இடி ஏன் சீக்கிரம் சாகிறது

"25,000 மணி நேரம்னு போட்டிருக்கான், ஒரு வருஷம்கூட வரலை." இது எல்லாரும் சொல்வது. அந்த எண் பெரும்பாலும் எல்இடி சில்லைப் பற்றியது. வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதமாக இறங்கும்வரை எத்தனை மணி நேரம் என்பது. சாவது பெரும்பாலும் சில்லு அல்ல, வீட்டு மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிரைவர். அதிலும் உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர். அதைச் சுற்றியுள்ள சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் வாய்ப்பாடு.

செத்த பல்பின் வெள்ளை மூடியை நெம்பிப் பாருங்கள் (கழற்றி ஒரு நாள் வைத்த பிறகு, கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்). வட்டத் தகட்டில் மஞ்சள் சில்லுகள் வரிசையாக இருக்கும். ஒன்றின் நடுவில் மிளகு வைத்தாற்போல் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது வெந்துவிட்டது. எல்லாம் தொடராக இணைந்தவை என்பதால் ஒன்று போனால் மொத்தமும் அணையும். புள்ளி எதுவும் இல்லாமல் கப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் டிரைவர் போயிற்று. வெந்த சில்லை ஈயத்தால் இணைத்து எரியவைக்கும் வித்தை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. எரியும், ஆனால் மலிவான டிரைவரில் மற்ற சில்லுகளுக்குச் சுமை ஏறி அடுத்தது வேகும். தவிர, இந்தப் பல்புகள் பலவற்றில் டிரைவர் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்பட்டதே அல்ல. மூடி திறந்த பல்பை ஹோல்டரில் போட்டுச் சோதித்தால் கை படும் இடமெல்லாம் ஷாக்.

இரண்டு காரணமும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: சூடு. காற்றோட்டமில்லாத கண்ணாடிக் குமிழுக்குள் 12 வாட் பல்பு, ஃபால்ஸ் சீலிங்கில் பஞ்சு போர்த்திய டவுன்லைட், இவை இரண்டும் எல்இடிக்கு அடுப்பு. மூடிய குமிழுக்கு 5, 7 வாட்டோடு நிறுத்துங்கள், அல்லது அதற்கென்றே 'மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது' என்று அச்சிட்ட பல்பு வாங்குங்கள். டவுன்லைட்டின் பின்புறம் கை நுழையும் அளவு வெற்றிடம் விடுங்கள்.

சென்சார்: எங்கே, எப்படி, எத்தனை நிமிடம்

பரவலாகக் கிடைப்பது பி.ஐ.ஆர். வகை. வெள்ளைக் குமிழ் போன்ற அதன் லென்ஸ், அறையை விசிறி மடிப்பு போலப் பல துண்டுகளாகப் பிரிக்கிறது. உடம்புச் சூடு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நகர்ந்தால்தான் அதற்குச் செய்தி. அதனால் குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரை வெகு அருகில் வந்த பிறகே பிடிக்கும். நீண்ட நடையின் கோடியில் கதவுக்கு எதிரே மாட்டிவிட்டு "மெதுவாக வேலை செய்கிறது" என்பார்கள். அதைக் கூரையில், நடையின் நடுவில் மாட்டியிருக்க வேண்டும். 2.5 மீட்டர் உயரத்தில் கூரை சென்சார் ஏறக்குறைய 6 மீட்டர் வட்டத்தைப் பார்க்கும்.

கண்ணாடிக்கு அப்பால் இருப்பது இதற்குத் தெரியாது. கண்ணாடித் தடுப்பு வைத்த குளியல் பகுதியில் ஆள் இருக்கும்போதே விளக்கு அணைவது இதனால். கடும் கோடையில் அறையின் சூடும் தோலின் சூடும் நெருங்கிவிட்டால் பிடிக்கும் தூரம் சுருங்கும். மாறாக அடுப்பு, ஏசி காற்று, வெயில் விழுந்து ஆடும் திரை இவற்றைப் பார்த்தால் ஆளில்லாமலே எரியும். சென்சாரைக் கழற்றி இடம் மாற்ற வேண்டியதில்லை. அந்தத் திசைக்கான லென்ஸ் பகுதியில் ஒளிபுகாத டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும்.

மைக்ரோவேவ் வகை, அதாவது 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடார், வேறு மாதிரி. இதற்குச் சூடு தேவையில்லை, அசைவு போதும். மெல்லிய சுவர், பிளைவுட் கதவு, கண்ணாடி எல்லாம் தாண்டிப் பார்க்கும். பக்கத்து அறையில் யாரோ நடந்தால் இங்கே எரியும். ஃபேன் ஓடினால் எரிந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஓடினால்கூட எரிவதுண்டு. ஃபிட்டிங்கின் மூடிக்குள் மறைத்து வைக்க வசதி என்பதால் படிக்கட்டுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நல்லது. ஃபேன் உள்ள அறைக்கு வேண்டாம்.

இனி அமைப்பது. பக்கவாட்டிலோ மூடிக்கு அடியிலோ குட்டித் திருகுகள் இரண்டோ மூன்றோ இருக்கும்: நேரம், லக்ஸ், சில வகைகளில் தூரம். முதலில் நேரத்தைக் கடைசிவரை குறைத்து, லக்ஸைச் சூரியப் படம் இருக்கும் பக்கம் முழுக்கத் திருப்புங்கள். மின்சாரம் கொடுத்ததும் ஒரு நிமிடம் அது தானே எரிந்து அணையும். அந்த ஒரு நிமிடத்தில் கையை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். பிறகு நடந்து பாருங்கள். படியின் முதல் படியில் கால் வைக்கும் முன்னரே எரிய வேண்டும். இரண்டு படி ஏறிய பிறகு எரிவது ஆபத்து. இது சரியான பின் நேரத்தைக் கூட்டுங்கள். படிக்கட்டுக்கு 1 முதல் 2 நிமிடம். கழிப்பறைக்கு 10. ஆள் அசையாமல் உட்காரும் இடத்தில் 1 நிமிடம் வைத்தால், கையை வீசி வீசி வெறுத்துப்போய் யாராவது சென்சாரைத் தாண்டித் தனிச் சுவிட்ச் வைத்து நிரந்தரமாக எரியவிட்டுவிடுவார்கள். அதோடு சிக்கனம் போயிற்று.

லக்ஸ் திருகைப் பகலில் அமைக்க முடியாது. அதை நிலாப் படம் இருக்கும் பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு மாலைக்குக் காத்திருங்கள். இப்போது விளக்கு போட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும் அந்த நேரத்தில் ஏணியில் ஏறி, ஒரு கையை அசைத்துக்கொண்டே மறு கையால் திருகை மெல்லத் திருப்புங்கள். விளக்கு எரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரு சென்சாரில் எத்தனை விளக்கு? பெட்டியில் 1,200 வாட் என்று பெரிதாகவும், எல்இடிக்கு 300 வாட் என்று சிறிதாகவும் போட்டிருப்பார்கள். சிறிய எண்தான் உங்களுடையது. ஒவ்வொரு டிரைவரும் போட்ட கணத்தில் தன் கப்பாசிட்டரை நிரப்பிக்கொள்ளப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அது, உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் ரிலேயின் தொடுபுள்ளிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். விளக்கு அணையவே இல்லை, சென்சாரை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அணைகிறது என்றால் ரிலே ஒட்டிக்கொண்டது என்று அறியலாம். விளக்குகள் அதிகம் என்றால் நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய சுமை தாங்கும் ரிலே வையுங்கள்.

அறைகளைப் பொறுத்தவரை என் கட்சி இது: தானாக எரிய வேண்டாம், தானாக அணைந்தால் போதும். போடுவதற்குக் கை சுவிட்ச், அணைப்பதற்குச் சென்சார். பகல் வெளிச்சத்தில் அறைக்குள் சாவியை எடுக்க வந்தவருக்கெல்லாம் விளக்கு எரிய வேண்டிய அவசியம் இல்லை.

ஜன்னலோர வரிசை

பெரிய அறை, வகுப்பறை, அலுவலகம் இவற்றில் விளக்குகளை ஜன்னலுக்கு இணையான வரிசைகளாகப் பிரித்து வரிசைக்கு ஒரு சுவிட்ச் கொடுப்பது மிக எளிய ஏற்பாடு. பழைய வயரிங்கில் வரிசை ஜன்னலுக்குக் குறுக்கே போகும். ஜன்னலோர விளக்கை அணைத்தால் உள்பக்கமும் சேர்ந்து அணையும். அதனால் யாரும் அணைப்பதில்லை. இதைத் திருத்திய பிறகு ஜன்னலோர வரிசைக்கு மட்டும் ஒளி சென்சார் வைக்கலாம். அது தான் இயக்கும் விளக்கையே பார்க்கும்படி வைத்தால் கண்ணாமூச்சிதான்: இருட்டு என்று போடும், வெளிச்சம் வந்ததும் அணைக்கும், மறுபடி போடும். சென்சாரின் முகத்தை விளக்கைப் பார்க்காதபடி மறுபக்கம் திருப்புங்கள். போடும் அளவுக்கும் அணைக்கும் அளவுக்கும் நல்ல இடைவெளியும், சில நிமிடத் தாமதமும் உள்ள வகையாகப் பாருங்கள்.

அணைத்தும் மினுங்கும் பல்பு

சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்வது, சில விநாடிக்கு ஒருமுறை பளிச்சிடுவது. எல்இடிக்கு மிகக் கொஞ்சம் கசிவு போதும் என்பதால் வருவது. காரணம் மூன்றில் ஒன்று. சுவிட்சில் சிவப்பு நியான் விளக்கு இருந்தால் அதன் வழியே கசிகிறது. அந்த இண்டிகேட்டரைக் கழற்றுங்கள். அல்லது சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டரை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால், மல்டிமீட்டரில் எர்த்துக்கு எதிராக முழு வோல்டேஜும் காட்டினால், இதுதான். மினுங்கல் சின்ன விஷயம். பல்பு மாற்றும் கைக்கு ஷாக் அடிக்கும் என்பது பெரிய விஷயம், உடனே மாற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் மாடிப்படி இருவழிச் சுவிட்சுக்காக நீளமாக ஓடும் வயர்கள் ஒன்றுக்கொன்று தூண்டுகின்றன. பல்புக்கு இணையாக, கசிவைத் தன் வழியே போகவிடும் ஸ்னப்பர் ஒன்றை (எக்ஸ்2 வகைக் கப்பாசிட்டர் கொண்டது) ஜங்ஷன் பாக்ஸில் கொடுத்தால் நின்றுவிடும். நியூட்ரல் வராத சுவிட்ச் பெட்டியில் மாட்டும் இரண்டு வயர் சென்சாரும் இதே வியாதியைக் கொண்டுவரும். அதன் மின்சாரமே பல்பின் வழியாகத்தான் போகிறது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் குழப்பம் வேறு. இழை பல்புக்குச் செய்த பழைய டிம்மர்கள் பலவற்றுக்கு 40 வாட்டாவது சுமை வேண்டும். 9 வாட் எல்இடியைக் கொடுத்தால் துடிக்கும். 'டிம்மபிள்' என்று அச்சிடாத பல்பை டிம்மரில் போடவே வேண்டாம், டிரைவர் வெந்துவிடும். எல்இடிக்கு, பெட்டியில் 'டிரெய்லிங் எட்ஜ்' என்று போட்டிருக்கும் வகை டிம்மர் வாங்கி, அதிலிருக்கும் குறைந்தபட்சத் திருகைப் பல்பு துடிக்காத இடத்தில் நிறுத்துங்கள். இழை பல்பை மங்கவைத்தால் வெளிச்சம் போகும் வேகத்துக்கு மின்சாரம் குறையாது. எல்இடியில் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே இறங்கும், அதனால் இங்கே டிம்மர் உண்மையிலேயே மிச்சம்.

துடிப்பு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மட்டமான டிரைவர் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். தலைவலிக்கு அது போதும். விளக்கடியில் ஒரு பென்சிலை வேகமாக விசிறுங்கள். மெழுகிய மாதிரி மங்கலாகத் தெரிந்தால் நல்லது, பல பென்சில்கள் விசிறி போலத் தனித்தனியாகத் தெரிந்தால் அந்தப் பல்பு படிக்கும் மேசைக்கு ஆகாது. மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1789 என்ற 2015-ம் ஆண்டுப் பரிந்துரை, 100 ஹெர்ட்ஸில் இந்த ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் அபாயம் குறைவு என்கிறது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதை அளப்பது கெல்வினில்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. வேலை செய்யும் இடத்துக்கு 4,000 கெல்வின், மாலை உட்காரும் இடத்துக்கும் படுக்கையறைக்கும் 2,700. கண்ணில் உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் செல்கள் 480 நானோமீட்டர் நீலத்தை ஒட்டியே அதிகம் கூருணர்வோடு இருப்பதால் இரவில் 6,500 வேண்டாம். துணி, காய்கறி, முகம் பார்க்கும் இடத்தில் சி.ஆர்.ஐ., அதாவது நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு, 90. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழிக்கு முழங்கால் உயரத்துக்குக் கீழே, பல்பு கண்ணில் படாமல், மஞ்சள் நிறத்தில் ஒரு வாட்டே தாராளம்.

ஸ்மார்ட் பல்பு வாங்குவதானால் இரண்டு சோதனை. சுவர்ச் சுவிட்சை யாராவது அணைத்தால் அது செத்த பல்பு, ஆப்பில் எதுவும் நடக்காது. பழைய சுவிட்சுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவெடுங்கள். அடுத்து, மின்சாரம் போய் வந்தால் என்ன நிலையில் எழ வேண்டும் என்ற அமைப்பு ஆப்பில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நள்ளிரவில் கரண்ட் வந்ததும் வீட்டிலுள்ள அத்தனை பல்பும் முழு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். அணைந்திருக்கும்போதும் ஒவ்வொன்றும் 0.4 வாட் அளவுக்குக் குடிப்பதால், பத்துப் பல்புக்கு ஆண்டுக்கு 35 யூனிட். முதலில் சொன்ன சாமான் அறைக் கணக்குதான்.

எல்லாம் முடிந்த பிறகு சென்சாரின் முதுகில் மாட்டிய தேதி, நேரம், லக்ஸ் திருகு நின்ற இடம், மொத்தச் சுமை இவற்றை மார்க்கரில் எழுதிவையுங்கள். குமிழ் லென்ஸைத் துடைக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறும்போது உலர்ந்த துணி போதும். தின்னர் பட்டால் லென்ஸ் வெளுத்து, சென்சார் பாதிக் குருடாகிவிடும்.